டிஆர்-808ல பேட்டர்ன் அழிஞ்சா, எழுத மறுத்தா, தாளம் தப்பினா எங்க பாக்கணும்

ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் கையில வச்சிருக்கவங்களுக்கும், ஒன்னு விலைக்கு வருது வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும் சேர்த்து இதை எழுதுறேன். 1980ல வந்து 1983ல உற்பத்தி நின்னுபோன மெஷின், மொத்தமே 12,000 பக்கம் தான் செஞ்சாங்க, அதனால இப்ப இருக்குற ஒவ்வொன்னும் நாப்பது வயசு தாண்டினது. ஏதாவது ஒன்னு வேலை செய்யலைன்னா உடனே "ஐயோ சிப் போயிடுச்சு"ன்னு பதறுறது இயல்பு தான், ஆனா இதுல வர்ற பெரும்பாலான "கோளாறு" ஏதோ ஒரு சுவிட்ச் தப்பான இடத்துல நிக்கிறதாலயோ, இல்ல மூணு பென் செல் செத்துப்போனதாலயோ வர்றது தான். இதுல ஸ்கிரீன் கிடையாது, மெனு கிடையாது, மெஷின் என்ன நிலைமையில இருக்குன்னு சொல்றது எல்லாமே மேல இருக்குற நாப்பும் சுவிட்சும் தான், அதனால முதல்ல கண்ணால பாக்கணும், திருப்புளி அப்புறம்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை தவிர்க்கவே கூடாது.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி: உள்ள இருக்குறதை வெளிய எடுங்க

808ல இருந்து பேட்டர்னை, அதாவது எந்த இடத்துல எந்த வாத்தியம் அடிக்கணும்னு நீங்க எழுதி வச்ச தாளத்தை, வெளிய எடுத்து வைக்க வழியே கிடையாது. பின்னாடி வந்த டிஆர்-707ல கேசட்ல சேவ் பண்ணலாம், கார்ட்ரிட்ஜ் போடலாம். இதுல ரெண்டும் இல்ல. மிடி (இசை மெஷின்களை ஒன்னோட ஒன்னு பேச வைக்கிற முறை) 1983ல தான் வந்துச்சு, அதனால அதுவும் இல்ல. ரேம்ல, அதாவது உள்ள இருக்குற மெமரி சிப்புல, இருக்குறது மட்டும் தான் இருக்கு, அது போனா போச்சு.

ஆகவே பழைய முறை தான், கட்டம் போட்ட பேப்பர். 12 வரிசை, 16 கட்டம், ஒரு கட்டம் ஒரு ஸ்டெப். வரிசை என்னென்னன்னா ஆக்சென்ட், பேஸ் டிரம், ஸ்னேர், லோ டாம், மிட் டாம், ஹை டாம், ரிம் ஷாட், கிளாப், கவ் பெல், சிம்பல், ஓப்பன் ஹேட், குளோஸ்டு ஹேட், அதாவது இன்ஸ்ட்ருமென்ட் செலக்ட் நாப்ல இருக்குற அதே வரிசை. மோடு நாப்பை பேட்டர்ன் ரைட்ல வச்சு, பேட்டர்ன் நம்பரை செலக்ட் பண்ணி, ஸ்டார்ட் அழுத்திட்டு இன்ஸ்ட்ருமென்ட் செலக்ட் நாப்பை ஒவ்வொன்னா திருப்பினா அந்தந்த வாத்தியம் எந்தெந்த ஸ்டெப்ல இருக்குன்னு எல்இடி எரிஞ்சு காட்டும். இப்ப போன் எல்லார் கையிலயும் இருக்கு, அதனால வீடியோவை ஓட விட்டு நாப்பை மெதுவா ஒரு சுத்து சுத்தினா ஒரு பேட்டர்ன் முடிஞ்சுது, பேப்பர்ல அப்புறமா நிதானமா எழுதிக்கலாம். ஆனா ரைட் மோடுல இருக்கீங்கங்கறதை மறக்காதீங்க, ஸ்டெப் பட்டன் மேல விரல் பட்டா எழுதிடும் இல்ல அழிச்சிடும்.

அடிப்படை ரிதம் 12, இன்ட்ரோ/ஃபில்-இன் 4, ஒவ்வொன்னுக்கும் ஏ, பி ரெண்டு வேரியேஷன், மொத்தம் 32. பி பக்கத்தை எடுக்காம விட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறவங்க அதிகம், அந்த சுவிட்சை மாத்தி அதையும் எடுங்க. செகண்ட் பார்ட்ல எழுதி இருந்தா அதையும்.

ஆன் பண்ணா பேட்டர்ன் எல்லாம் காணோம், இல்ல நான் எழுதாத அடி கன்னாபின்னான்னு விழுது

இது தான் அதிகமா கேக்குற புகார். காரணம் கிட்டத்தட்ட எப்பவும் செல் தான். ஆஃப் பண்ணி இருக்கும்போது ரேமை உயிரோட வச்சிருக்கிறது மூணு ஏஏ சைஸ் செல். அது தீர்ந்துபோச்சுன்னா ஆஃப் பண்ண நிமிஷமே எல்லாம் போயிடும். திரும்ப ஆன் பண்ணும்போது ரேம் காலியா எழுந்திருக்காது, கண்டபடி ஒன்னும் சைபருமா எழுந்திருக்கும், அது தான் அந்த கன்னாபின்னா அடி. ரேம் கெட்டுப்போச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. நல்ல ரேமும் அப்படித்தான் எழுந்திருக்கும்.

செய்ய வேண்டியது: புது ஆல்கலைன் செல் மூணும் ஒரே பிராண்டா, ஒரே நேரத்துல வாங்கினதா போடுங்க, பழசையும் புதுசையும் கலக்காதீங்க. ரீசார்ஜ் செல் வேண்டாம், அது ஒன்னு 1.2 வோல்ட், மூணும் சேர்ந்து 3.6 தான் வரும், வழியில டயோடு ஒன்னு வேற கொஞ்சம் தின்னுடும். அப்புறம் மோடு நாப்பை பேட்டர்ன் கிளியர்ல வச்சு ஒவ்வொரு பேட்டர்னா செலக்ட் பண்ணி கிளியர் பட்டனை அழுத்தி மொத்தத்தையும் துடைச்சிடுங்க. ஒன்னு ரெண்டை மட்டும் துடைச்சிட்டு "மீதி அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா ஃபில்-இன்ல இருக்குற குப்பை நடு பாட்டுல வந்து நிக்கும்.

இனிமே செல் மாத்தும்போது மெஷினை ஆன்ல வச்சே மாத்துங்க. ஆன்ல இருக்கும்போது ரேமுக்கு கரண்ட் மெயின்ஸ்ல இருந்து போகும், அதனால செல்லை கழட்டினாலும் ஒன்னும் ஆகாது. ஆஃப்ல கழட்டினா அவ்வளவு தான். உங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போகும்னா, செல் மாத்துற அந்த ரெண்டு நிமிஷத்துக்கு யுபிஎஸ்ல போட்டுக்கோங்க, இது ரொம்ப மிகையான ஜாக்கிரதைன்னு எனக்கு தோணல.

செல் புதுசு தான், ஆனாலும் மறுநாள் காலையில எல்லாம் போயிடுது

இப்ப செல்லுக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்குற பாதையை பாக்கணும். முதல் சந்தேகம் செல் பெட்டியில இருக்குற ஸ்பிரிங்கும் தகடும். எப்பவோ ஒரு செல் ஒழுகி பச்சை பூத்துப்போயிருக்கும், மேல பாக்க லேசா தெரியும், ஆனா அந்த பச்சை வயரோட உறைக்கு உள்ள கூட ஏறிப்போயிருக்கும். தகட்டை வினிகர் தொட்ட பஞ்சால துடைச்சு, அப்புறம் ஐசோபுரோபில் ஆல்கஹால்ல சுத்தம் பண்ணி காய விடுங்க. வயர் உள்ள கருத்துப்போயிருந்தா சுத்தம் பண்றதுல பிரயோஜனம் இல்ல, வயரையே மாத்திடுங்க. கடலோர ஊர்ல இருக்குறவங்களுக்கு உப்புக்காத்து வேற சேர்ந்துக்கும், அங்க செல் ஒழுகாமலே தகடு கெடும்.

மல்டிமீட்டர் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. மெஷின் ஆஃப், மெயின்ஸ் பிளக்கை சுவத்துல இருந்து பிடுங்கியாச்சு, செல் உள்ள இருக்கு. செல் பெட்டியோட ரெண்டு முனையில 4.5 வோல்ட்டோ கொஞ்சம் மேலயோ வரணும். அதே வோல்ட் போர்டுல வயர் வந்து சேர்ற இடத்துலயும் வரணும். அப்புறம் ரேம் சிப்புல, 18 கால் சிப், 9வது கால் கிரவுண்டு, 18வது கால் சப்ளை, அங்க டயோடு தின்னது போக 4 வோல்ட் பக்கம் இருக்கணும். எந்த இடம் வரைக்கும் வோல்ட் வந்து எந்த இடத்துல நின்னுபோகுதோ அங்க தான் கோளாறு. பெட்டியில இருக்கு போர்டுல இல்லைன்னா வயர். போர்டுல இருக்கு சிப்புல இல்லைன்னா டயோடு, இல்ல நடுவுல ஒரு சால்டர் விட்டுப்போயிருக்கு. சிப்பு வரைக்கும் சரியா வருது, ஆனாலும் மறக்குதுன்னா அப்ப தான் சிப்பை சந்தேகப்படலாம்.

உள்ள கை வைக்கிறவங்களுக்கு ஒன்னு: 808க்குள்ள மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அடாப்டர் மெஷின் இல்ல இது. பிளக்கை பிடுங்காம மூடியை திறக்காதீங்க. ஜப்பான்ல இருந்து வந்த மெஷின்னா அது 100 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம ஊர் 230ல நேரா சொருகினா மெமரி பத்தி கவலைப்படவே தேவை இருக்காது, மெஷினே இருக்காது. பின்னாடி ஒட்டி இருக்குற லேபிளை படிச்சிட்டு, தேவைன்னா தரமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க.

நேத்து வச்ச சவுண்டு இன்னைக்கு வேற மாதிரி கேக்குது

பேட்டர்ன் அப்படியே இருக்கு ஆனா பேஸ் டிரம் நீளமா இருந்தது குட்டையாகிடுச்சு, டாம் அடிச்ச இடத்துல காங்கா கேக்குதுன்னா மெமரி கெடல. ரேம்ல போறது எந்த ஸ்டெப்ல எந்த வாத்தியம்ங்கறது மட்டும் தான். லெவல், டோன், டிகே, ஸ்னாப்பி, டெம்போ எதுவும் சேவ் ஆகாது, நாப் எங்க நிக்குதோ அது தான் சவுண்டு. மூணு டாமுக்கு கீழயும் காங்கா மாத்துற சுவிட்ச் இருக்கு, ரிம் ஷாட்டுக்கு கிளேவ்ஸ், கிளாப்புக்கு மராக்கஸ், இந்த அஞ்சு சுவிட்சும் சேவ் ஆகாது. ரெண்டும் ஒரே வரிசையை பகிர்ந்துக்கிறதால ஒரே பாட்டுல கிளாப்பும் மராக்கஸும் சேர்த்து வைக்கவும் முடியாது. பேப்பர்ல பேட்டர்ன் எழுதும்போது நாப் எல்லாம் தெரியற மாதிரி மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, டெம்போவை தனியா குறிச்சுக்கோங்க.

ஸ்டார்ட் அழுத்தினா ஒன்னுமே நடக்கல

பின்னாடி சிங்க் சாக்கெட் (வேற மெஷினோட வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சாக்கெட்) பக்கத்துல ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருக்கு, இன், அவுட்னு. அது இன்ல இருந்தா மெஷின் வெளிய இருந்து வர்ற கிளாக்குக்காக (வேகத்தை சொல்ற துடிப்புக்காக) காத்துக்கிட்டே இருக்கும், நீங்க எத்தனை தடவை ஸ்டார்ட் அழுத்தினாலும் அசையாது. அவுட்டுக்கு தள்ளுங்க. பெட்டியில வச்சு தூக்கிட்டு போகும்போது அந்த சுவிட்ச் தானா நகர்றது ரொம்ப சாதாரணம், கச்சேரிக்கு போற இடத்துல மெஷின் செத்துப்போச்சுன்னு நினைக்க வைக்கிறது பாதி நேரம் இது தான்.

ஸ்டெப் பட்டன் அழுத்துறேன், எழுத மாட்டேங்குது

வரிசையா பாருங்க. மோடு நாப் பேட்டர்ன் ரைட்ல, ஃபர்ஸ்ட் பார்ட்ல நிக்குதா? மேனுவல் பிளேல இருந்தா பட்டன் பேட்டர்னை மாத்தும், எழுதாது. ஸ்டார்ட் அழுத்தியாச்சா? ரைட் மோடுல ஸ்டார்ட்டுக்கு முன்னாடி அந்த 16 பட்டனும் பேட்டர்ன் நம்பர், ஸ்டார்ட்டுக்கு அப்புறம் தான் அது ஸ்டெப். புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேர் இங்க தான் மாட்டிக்கிறாங்க, பேட்டர்ன் ஒன்னுல எழுதுறதா நினைச்சுக்கிட்டு பேட்டர்னை மாத்திக்கிட்டே இருப்பாங்க.

அடுத்து இன்ஸ்ட்ருமென்ட் செலக்ட் நாப். அது ஆக்சென்ட்ல நின்னா நீங்க எழுதுறது எல்லாம் ஆக்சென்ட், அந்த ஸ்டெப்ல வேற வாத்தியம் இல்லைன்னா ஒன்னும் கேக்காது, ஏன்னா ஆக்சென்ட்ங்கறது தனி சவுண்டு இல்ல, அந்த ஸ்டெப்ல விழுற எல்லா வாத்தியத்தையும் ஓங்கி அடிக்க வைக்கிறது. ஆக்சென்ட் லெவல் நாப் கீழ இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் ஏ, பி சுவிட்ச்: ஏல எழுதிட்டு பியை கேட்டுக்கிட்டு இருந்தா "எழுதல"ன்னு தான் தோணும்.

எல்லாம் சரியா இருக்கு, குறிப்பிட்ட ஒரு பட்டன் மட்டும் எழுதலைன்னா அது பட்டனோட கான்டாக்ட். அழுத்தி அழுத்தி விட்டா சில நேரம் உயிர் வரும். ஒரு தடவை அழுத்தினா எல்இடி எரிஞ்சு உடனே அணையுதுன்னாலும் அதே நோய் தான், ஒரு அழுத்தை மெஷின் ரெண்டா எண்ணிக்குது, ஒன்னு எழுதுது ஒன்னு அழிக்குது. கான்டாக்ட் கிளீனர் கொஞ்ச நாள் தாங்கும், நிரந்தர வழி சுவிட்சை மாத்துறது தான். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை தயவு செஞ்சு உள்ள அடிக்காதீங்க, அது தூசியை இழுத்து பக்கத்து சுவிட்சையும் சேர்த்து கெடுக்கும்.

நாலஞ்சு பட்டன் ஒரே நேரத்துல செத்துப்போச்சுன்னா தனித்தனி சுவிட்சை கழட்டாதீங்க, அத்தனையும் ஒரே நாள்ல கெட வாய்ப்பு குறைவு. பொதுவா போற வயர், கனெக்டர், இல்ல போர்டுல ஒரு கோடு விட்டுப்போயிருக்கான்னு தேடுங்க.

நாப்பை பேஸ் டிரம்ல வச்சேன், ஸ்னேர்ல எழுதுது

இன்ஸ்ட்ருமென்ட் செலக்ட் நாப் 12 நிலை உள்ள ரோட்டரி சுவிட்ச். உள்ள படலம் படிஞ்சா ஒரு நிலையை இன்னொன்னா படிக்கும், இல்ல ரெண்டுக்கும் நடுவுல அலையும். பிளக்கை எடுத்துட்டு நாப்பை இந்தக்கோடிக்கும் அந்தக்கோடிக்கும் நிறைய தடவை திருப்புங்க, பெரும்பாலும் படலம் தேஞ்சு சரியாகிடும். இல்லைன்னா கான்டாக்ட் கிளீனர். மோடு நாப்புக்கும் இதே தான், ஆனா அதோட ஆபத்து பெருசு: அது அலைஞ்சா பிளேன்னு நினைச்சுக்கிட்டு கம்போஸ்ல (பாட்டு வரிசையை எழுதுற நிலை) நிப்பீங்க. நாப் மேல தொளதொளன்னு ஆடுதான்னும் பாருங்க, ஸ்குரூ லூசா இருந்தா கோடு ஒரு இடம் காட்டும், சுவிட்ச் இன்னொரு இடத்துல இருக்கும்.

16 ஸ்டெப் அடிச்சிட்டு அடுத்த 16 மௌனமா போகுது

ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஃபர்ஸ்ட் பார்ட், செகண்ட் பார்ட்னு ரெண்டு பாதி, சேர்த்து 32 ஸ்டெப் வரைக்கும் போகும். செகண்ட் பார்ட்டுக்கு நீளம் கொடுத்து இருந்து அதுல அடி எதுவும் இல்லைன்னா மெஷின் அந்த வெற்று பாதியையும் ஒழுங்கா வாசிச்சு முடிச்சிட்டு தான் திரும்பும். மோடு நாப்பை செகண்ட் பார்ட்ல வச்சு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. தேவையில்லைன்னா, பேப்பர்ல காப்பி இருக்குல்ல, பேட்டர்னை கிளியர் பண்ணிட்டு ஃபர்ஸ்ட் பார்ட்டை மட்டும் திரும்ப எழுதுறது தான் வேகமான வழி. செல் தீர்ந்து ரேம் குழம்பின பிறகு ஸ்டெப் எண்ணிக்கையும் சேர்ந்து குழம்பி இருக்கும், 11 ஸ்டெப்ல திரும்புது 13ல திரும்புதுன்னா அதுக்கும் இதே மருந்து தான்.

டெம்போ சரி, ஆனா பேட்டர்ன் ரெண்டு மடங்கு வேகமா ஓடுது, இல்ல நடையே மாறிடுச்சு

ப்ரீ-ஸ்கேல் சுவிட்சை பாருங்க. நாலு நிலை. சாதாரண நாலு அடி தாளத்துக்கு, அடிக்கு நாலு ஸ்டெப் வேணும்னா, 3. அதுவே 4ல இருந்தா அடிக்கு எட்டு ஸ்டெப், ரெண்டு மடங்கு வேகம். 1ம் 2ம் திஸ்ர நடைக்கு, 1ல அடிக்கு மூணு, 2ல அடிக்கு ஆறு.

இந்த நாலு மட்டும் ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி சிங்க் பிரச்சனையும் புரியும். 808 ஒரு அடியை 24 துடிப்பா வெட்டுது. நாலா பிரிச்சா ஸ்டெப்புக்கு 6 துடிப்பு, எட்டா பிரிச்சா 3, மூணா பிரிச்சா 8, ஆறா பிரிச்சா 4. எல்லாம் மீதி இல்லாம வகுபடுது, அதனால சதுஸ்ரமும் திஸ்ரமும் ஒரே கிளாக்குல ஓடுது. அடியை அஞ்சா பிரிக்கலாமான்னு கேட்டா, 24ஐ அஞ்சால வகுக்க முடியாது, கண்ட நடைக்கு இங்க இடம் இல்ல. ப்ரீ-ஸ்கேலை பேட்டர்ன் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிடுங்க, பாதியில மாத்தி சரி பண்ண நினைக்கிறது தலைவலி.

கேக்காமலே ஃபில் வந்து விழுது

ஆட்டோ ஃபில்-இன் நாப் 16, 12, 8, 4, 2ன்னு ஏதாவது ஒன்னுல நிக்குது. அத்தனை மெஷருக்கு (பேட்டர்ன் ஒரு சுத்து ஓடுறது ஒரு மெஷர்) ஒரு தடவை ஃபில் தானா வரும். மேனுவல்ல வச்சா நீங்க டேப் பட்டனை அழுத்தும்போது மட்டும் வரும். வர்ற ஃபில் நீங்க எழுதினதே இல்லைன்னா 13ல இருந்து 16 வரைக்கும் உள்ள பேட்டர்னை கிளியர் பண்ணாம விட்டிருக்கீங்க.

ரிதம் டிராக்ல கோர்த்து வச்ச பாட்டு மாறிப்போச்சு

இதை கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மெமரி எப்படி வேலை செய்யுதுன்னு புரியாம இதை சரி பண்ண முடியாது. ரிதம் டிராக்ங்கறது பேட்டர்னை எல்லாம் வரிசையா கோர்த்து முழு பாட்டாக்குற இடம். 808ல 12 ரிதம் டிராக், ஒவ்வொன்னுலயும் 64 மெஷர், மொத்தம் 768. டிராக்ல உக்காந்திருக்கிறது அடி இல்ல, எந்த மெஷர்ல எந்த பேட்டர்ன்ங்கற நம்பர் தான். கல்யாண மெனு கார்டுல சாம்பார்னு பேர் மட்டும் இருக்கும், உப்பு கூடினதும் குறைஞ்சதும் சமையல்கட்டுல தான், அந்த மாதிரி. பேட்டர்ன் 5ல ஒரு ஸ்னேரை மாத்தினீங்கன்னா, 5ஐ கூப்பிடுற எல்லா டிராக்லயும் எல்லா மெஷர்லயும் அந்த ஸ்னேர் மாறும். புது பாட்டுக்கு 5ஐ கொஞ்சம் திருத்தினேன், பழைய பாட்டு கெட்டுப்போச்சுங்கறது இதனால தான். 5ஐ விட்டுட்டு காலியா இருக்குற இன்னொரு நம்பர்லயோ பி வேரியேஷன்லயோ புதுசா எழுதுங்க. அடிப்படை ரிதம் 12 தான் இருக்குங்கறதால ஒரு கச்சேரிக்கு எந்த நம்பர் எந்த பாட்டுக்குன்னு பேப்பர்ல ஒதுக்கீடு போட்டுக்கிறது நல்லது. நான் சொல்றது, முதல் எட்டை பாட்டுக்கு கொடுத்துட்டு கடைசி நாலை முயற்சி பண்ணி பாக்க காலியா விடுங்க, அந்த நாலை எந்த டிராக்லயும் கோர்க்காதீங்க.

டிராக்கே மாறிடுச்சு, மெஷர் வரிசையே தப்பா வருதுன்னா ரெண்டு காரணம். ஒன்னு, டிராக்கை செலக்ட் பண்றதும் அதே இன்ஸ்ட்ருமென்ட் செலக்ட் நாப் தான், 12 வாத்தியத்துக்கும் 12 டிராக்குக்கும் ஒரே நாப். பேட்டர்ன் எழுதும்போது குளோஸ்டு ஹேட்ல விட்டுட்டு டிராக் பிளேக்கு போனா 12வது டிராக் ஓடும், நீங்க ஒன்னாவதை எதிர்பார்த்துக்கிட்டு இருப்பீங்க. ரெண்டு, மோடு நாப் பிளேக்கு பதிலா கம்போஸ்ல நின்னு ஓடி இருக்கு, அப்ப பழைய வரிசை மேல புது வரிசை எழுதப்பட்டிருக்கும். முதலாவது நாப்பை திருப்பினா சரியாகிடும். ரெண்டாவதுக்கு பேப்பர் தான் கதி, மெஷர் நம்பரும் பேட்டர்ன் நம்பரும் எழுதி வச்ச ஒரு சின்ன பட்டியல் இருந்தா திரும்ப கோர்க்க அதிக நேரம் ஆகாது.

எல்இடி எரியுது, சவுண்டு மட்டும் வரல

எல்இடி அந்த ஸ்டெப்ல எரியுதுன்னா ரேம்ல அடி இருக்கு, ரேம் தன் வேலையை செஞ்சாச்சு. லெவல் நாப் பாத்தாச்சா? அந்த வாத்தியத்தோட தனி அவுட்ல ஏதாவது கேபிள் செருகி விட்டிருக்கா? அப்படி இருந்தா அது மாஸ்டர்ல இருந்து விலகிப்போயிருக்கும்.

அதுவும் இல்லைன்னா எந்தெந்த வாத்தியம் சேர்ந்து போச்சுன்னு கவனிங்க, அது தான் வழி காட்டும். சிம்பல், ரெண்டு ஹேட், கவ் பெல் எல்லாம் ஒரே நேரத்துல போயிடுச்சா? அதெல்லாம் ஆறு ஆசிலேட்டர் கொண்ட ஒரே மூலத்துல இருந்து பிறக்குது (கவ் பெல் அதுல ரெண்டை மட்டும் எடுத்துக்கும்), அங்க போய் பாருங்க. ஸ்னேர்ல ஸ்னாப்பி இல்ல, கிளாப் இல்ல, மராக்கஸ் இல்லைன்னா இரைச்சல் உண்டாக்குற டிரான்சிஸ்டர் பக்கம். இந்த டிரான்சிஸ்டர் சாதாரணமானது இல்ல, தரத்துல தேறாத டிரான்சிஸ்டரை வேணும்னே பொறுக்கி போட்டது, அந்த மாதிரி கிடைக்காம போனதால தான் 808ஐ தொடர முடியலைன்னு ரோலண்டை நிறுவின இகுதாரோ காகேஹாஷியே சொல்லி இருக்கார். அதனால கடையில கிடைக்குற ஏதோ ஒன்னை போட்டா சவுண்டு வரும், ஆனா அதே சவுண்டா இருக்காது. மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

ஓப்பன் ஹேட் பாதியில வெட்டுதுன்னா அது கோளாறு இல்ல, பின்னாடி குளோஸ்டு ஹேட் விழுதுன்னா அப்படித்தான் வெட்டணும்.

எழுதினதுல நாலு வாத்தியம் மட்டும் எல்லா பேட்டர்ன்லயும் குழம்புது

இங்க தான் ரேம் சிப் மேல உண்மையான சந்தேகம் வருது. 808ல இருக்குறது என்இசியோட மியூபிடி444சி, 1024 இடம், ஒவ்வொன்னுலயும் 4 பிட். கணக்கு போட்டு பாருங்க: 32 பேட்டர்ன், ஒவ்வொன்னுக்கும் 32 ஸ்டெப், பெருக்கினா சரியா 1024. ஆக்சென்ட்டோட சேர்த்து 12 வரிசை, ஒரு சிப்புக்கு நாலு பிட் தான் அகலம். அதனால அடுத்தடுத்த நாலு வரிசை, உதாரணமா கவ் பெல்ல இருந்து குளோஸ்டு ஹேட் வரைக்கும், புது செல் போட்டு கிளியர் பண்ண பிறகும் தானா எரியுது இல்ல எழுதினா நிக்க மாட்டேங்குதுன்னா ஒரு சிப்பை சந்தேகிக்கலாம். முந்தின கேஸோட குழப்பிக்காதீங்க: அங்க எல்இடி சரியா எரியும் சவுண்டு வராது, இங்க எல்இடியே பொய் சொல்லும்.

சிப்பை கழட்டுறது அனுபவம் உள்ளவங்க செய்ய வேண்டிய வேலை. அந்த காலத்து போர்டுல சூடு கொஞ்சம் அதிகமானா காப்பர் கோடு உரிஞ்சு வந்துடும். பழைய சிப்போட காலை வெட்டி எடுத்துட்டு, ஒவ்வொரு காலா உருவி, சாக்கெட் வச்சு அதுல புது சிப்பை சொருகுறது தான் போர்டுக்கு நல்லது. இது சிமாஸ் (ரொம்ப கம்மியா கரண்ட் இழுக்குற வகை) சிப், உடம்புல இருக்குற ஸ்டேட்டிக்கே போதும் அதை கொல்ல, அதனால கையில எர்த் பட்டை போட்டுக்கோங்க. கால் பொருந்துதேன்னு 2114 சிப்பை போடாதீங்க, வேலை செய்யும், ஆனா அது சிமாஸ் இல்ல, அதிகமா கரண்ட் இழுக்கும், மூணு பென் செல்லை சீக்கிரமே குடிச்சிடும்.

வேற மெஷினோட சேர்த்தா ஓடல, இல்ல வேகம் தப்புது

ஓடவே இல்லைன்னா முதல்ல கேபிள். 808ல இருக்குறது அஞ்சு பின் டின் சிங்க், பாக்க மிடி சாக்கெட் மாதிரியே இருக்கும், மிடி கேபிளும் சொருகினா அழகா போய் உக்காரும். ஆனா சிங்க் வேலை செய்றது 1, 2, 3வது பின்ல: 1 ஸ்டார்ட்/ஸ்டாப், 2 கிரவுண்டு, 3 கிளாக். மிடி கேபிள் நிறையல 2, 4, 5 மட்டும் தான் உள்ள இணைச்சிருப்பாங்க, 1லயும் 3லயும் வயரே இருக்காது. மல்டிமீட்டர்ல பீப் சத்தம் வச்சு ஒவ்வொரு பின்னா தொட்டு பாருங்க, அஞ்சு பின்னும் இணைச்ச கேபிள் வேணும். இன்னொன்னு, கேபிள் சரியா இருந்தாலும் மிடி மெசேஜை 808 புரிஞ்சுக்காது, நடுவுல மிடில இருந்து டின் சிங்குக்கு மாத்துற கன்வர்ட்டர் கட்டாயம்.

ஓடுது, ஆனா சரியா ரெண்டு மடங்கு வேகம்னா எதிர்ல இருக்குறது கோர்க் மாதிரி அடிக்கு 48 துடிப்பு அனுப்புற மெஷினா இருக்கும், 808க்கு 24 தான். 120 டெம்போல 808 ஒரு செகண்டுக்கு 48 துடிப்பு எதிர்பாக்குது, அவங்க 96 அனுப்புறாங்க, அதையும் விடாம எண்ணி இது 240ல ஓடும். கன்வர்ட்டர்ல 24ன்னு தேர்வு இருந்தா அதை வைங்க, இல்லைன்னா நடுவுல பாதியா குறைக்கிற கிளாக் டிவைடர் போடுங்க. ப்ரீ-ஸ்கேலை மாத்தி இதை சமாளிக்கலாம்னு தோணும், ஆனா அது பேட்டர்னோட நடையை தொடுறது, கிளாக்கை தொடுறது இல்ல, அடுத்த நாள் சிங்க் இல்லாம தனியா வாசிக்கும்போது எல்லாம் தலைகீழா நிக்கும். கிளாக்கை கிளாக் இருக்குற இடத்துலயே சரி பண்ணுங்க.